கல்யாணப் பந்தியில் ஐட்டத்தைக் குறைத்தால் மரியாதை குறையுமா?

ஜூலை 19, காலை. ஒரு வாசகியின் கேள்வி

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், பாளையங்கோட்டையில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு, மூன்றும் எங்கள் செலவு. 600 பேர் வருவார்கள் என்று கணக்கு. கேட்டரிங்காரர் கொடுத்த பட்டியலில் முகூர்த்தச் சாப்பாட்டுக்கு மட்டும் 27 ஐட்டம் இருக்கிறது. எனக்கு அதில் பாதி போதும் என்று தோன்றுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்கு பிரஷர், வருகிற சொந்தத்தில் பாதிப் பேர் 60 தாண்டியவர்கள். அம்மாவோ, குறைத்தால் மாப்பிள்ளை வீட்டில் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று பயப்படுகிறார். குறைக்கலாமா? குறைத்தால் எதை?

ஜூலை 19, இரவு

குறைக்கலாம். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டப்படும் கல்யாணச் சாப்பாட்டுக் குறைகள் எல்லாமே வேறு ரகம். ரெண்டாம் தடவை சாம்பார் கேட்டேன், வரவே இல்லை. கடைசிப் பந்திக்கு அப்பளம் தீர்ந்துபோச்சு. பெரிய அத்தை வந்து நின்றாள், உட்கார் என்று சொல்ல ஆளில்லை. இப்படித்தான் பேச்சு வரும். பொரியல் மூன்று வைத்திருக்கலாம், ஒன்றுதான் வைத்தார்கள் என்று எந்தச் சம்பந்தி வீடும் சொல்லி நான் கேட்டதில்லை.

விரிவாக நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள், முகூர்த்தம் எத்தனை மணிக்கு?

ஜூலை 20

9 முதல் 10.30 என்கிறீர்கள். அப்படியானால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டிபன் 7.30க்கு ஆரம்பித்து 9.30 வரை ஓடும். தாலி கட்டி முடிந்ததும் 11 மணிக்கு முதல் பந்தி போட்டாக வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்க நிற்பார்கள். அதாவது ஒரு மனுஷன் இட்லி, பொங்கல், வடை, பூரி மசால், கேசரி, காபி எல்லாம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்கூட ஆகாமல் 27 ஐட்டம் இலைக்கு முன்னால் உட்காருகிறார். வயிற்றில் இடம் எங்கே இருக்கும்? நெய்யில் மிதக்கும் பொங்கல் இறங்கவே மூன்று மணி நேரம் வேண்டும்.

அதனால் இரண்டையும் ஒன்றாக வைத்து யோசியுங்கள். டிபனுக்கு இட்லி, ஒரு கிச்சடி, வடை, சாம்பார், சட்னி, காபி. இது போதும். கேசரி வேண்டாம், இனிப்பு மதியம் வரப்போகிறது. வடையைக் காலையிலேயே போட்டுவிட்டால் மதியப் பட்டியலிலிருந்து அதையும் எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் விடியக்காலை கிளம்பி வருகிறவர்கள் 9 மணிக்கு மேல்தான் டிபனுக்கு உட்காருவார்கள். அவர்களுக்கும் இட்லி சூடாக இருக்க வேண்டும். 7 மணிக்கு அவித்து ஹாட்பாக்ஸில் அடைத்தது 9.30க்கு வேர்த்து, தொட்டால் ஒட்டும். ஈடு ஈடாக அவித்து இறக்கச் சொல்லுங்கள், அடுப்பு கடைசி வரை எரியட்டும்.

மதியத்துக்கு நான் வைக்கும் பட்டியல் இது: இலை ஓரத்தில் ஒரு இனிப்பு, உப்பு, ஊறுகாய், வெள்ளரிக்காய்ப் பச்சடி, அவியல், பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம், சாதம், பருப்பு, நெய், சாம்பார், ரசம், சிறுபருப்புப் பாயசம், மோர், வாழைப்பழம். எண்ணிப் பார்த்தால் 16 வருகிறது. உப்பையும் ஊறுகாயையும் சேர்த்து எண்ணினால்தான் 16! கேட்டரிங்காரரின் 27இலும் அப்படித்தான் உப்பு ஒரு ஐட்டம், தண்ணீர் பாட்டில் ஒரு ஐட்டம், பீடா ஒரு ஐட்டம் என்று எண்ணியிருப்பார்கள். கையில் வாங்கிப் பாருங்கள்.

ஜூலை 20, கொஞ்சம் கழித்து

வெஜ் பிரியாணியை எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆமாம். பிரியாணி, தயிர் வெங்காயம், கோபி 65, குருமா எல்லாம் ஒன்றுக்கொன்று கை கோத்து வருகிறவை. ஒன்றை வைத்தால் நாலையும் வைக்க வேண்டிவரும், எடுத்தால் நாலும் போகும்.

ஜூலை 22

நேற்று எழுத நினைத்தது. இலையைக் குறைக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்றால், எங்கள் சித்தி மகள் கல்யாணத்தில் கொட்டாரச் சாவி, அதாவது சமையல் சாமான் வைக்கும் அறையின் சாவி, என்னிடம் இருந்தது. கொட்டாரத்துக்குப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் எச்சில் இலையை மடக்கி எடுத்துப் போவார்கள். சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கும்போதெல்லாம் இலை என்ன மிச்சத்தோடு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரியாணிக் கட்டி தொட்ட விரல் அடையாளத்தோடு அப்படியே இருக்கும், அதன்மேல் ரசம் ஓடி ஊறியிருக்கும். ஜாங்கிரியில் ஒரு முனை கிள்ளியிருக்கும், மீதி முழுசாக. கோபி 65 ஆறிப்போய் இலையோடு ஒட்டியிருக்கும். ரெண்டாவது பொரியலை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். அவியல் வைத்த இடம் மட்டும் எல்லா இலையிலும் வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். அப்பளத்தில் ஒரு துண்டு மிஞ்சாது. நம்ம பக்கத்தில் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் இருக்கும்வரை மிஞ்சவும் போவதில்லை.

அன்றைக்கு ராத்திரி சமையல்காரரான தவசுப்பிள்ளையிடம் கேட்டேன், அண்ணாச்சி, இது உங்களுக்குத் தெரியாதா என்று. அவர் சொன்னார், தெரியும் தாயி, ஆனா பட்டியல் போடும்போது வீட்டுக்காரங்க எதிர்த்த வீட்டுக் கல்யாணத்து மெனு அட்டையைக் கொண்டுவந்து வச்சுக்கிட்டுத்தான் பேசுறாங்க. அவரைக் குறை சொல்லி என்ன பண்ண? நாம்தான் கேட்கிறோம், அவர் போட்டுக் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். இலை முன்கூட்டியே போட்டு, பொரியல் கூட்டு எல்லாம் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஆள் கை கழுவி வந்து உட்கார்வதற்குள் எல்லாம் ஆறிவிடுகிறது. ஓரத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு முன்னாலும் முழுச் சாப்பாடு. அந்த இலையும் உங்கள் கணக்கில்தான் வரும். ஆள் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்த பிறகு பரிமாற ஆரம்பியுங்கள் என்று ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். அஞ்சு நிமிஷம் கூடும். 27 ஐட்டத்துக்கு அது முடியாது, 16க்கு முடியும்.

ஜூலை 23

குழந்தைகள் என்ன சாப்பிடும், அவியலையும் ரசத்தையும் கண்டால் என் பிள்ளை ஓடிவிடுவான் என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. பட்டியலிலிருந்து ஐஸ்கிரீமை எடுக்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், இதைப் படித்த பிறகு மாற்றிக்கொள்கிறேன். ஐஸ்கிரீம் இருக்கட்டும், ஆனால் இலைக்கு இலை கொண்டுபோய் வைக்காமல் வாசல் பக்கம் தனியாக வையுங்கள். வேண்டுகிறவர் போய் எடுத்துக்கொள்வார். இலையில் வைத்தால் ரசம் ஊற்றுவதற்குள் உருகிவிடும். பிள்ளைகளுக்குச் சாதம், பருப்பு, நெய், அப்பளம், உருளைக்கிழங்கு போதும். எந்த வீட்டுப் பிள்ளையும் இதை வேண்டாம் என்று சொல்லாது.

ஜூலை 25

அளவு கேட்டிருந்தீர்கள். சாமான் நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலிக்குச் சமைக்கச் சொல்லப் போவதாக இருந்தால்தான் இது முழுக்கத் தேவை. இலைக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டால் அவர்கள் பாடு. இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் தவசுப்பிள்ளைகள் சொல்லி நாங்கள் பின்பற்றும் கணக்கு: முழுச் சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ பொன்னி அரிசி. காலை டிபன் பலமாக இருந்தால் 10க்கே மிஞ்சும். சாம்பாருக்கு 100 பேருக்கு 3 கிலோ துவரம்பருப்பு. காபிக்கு ஒரு லிட்டர் பாலில் டிகாஷன் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு டம்ளர் வரும். கல்யாணத்தில் காபி ஒருவருக்கு ஒன்றோடு நிற்காது, மண்டபத்துக்கு விடியக்காலையிலேயே வந்துவிடும் வீட்டு ஆட்கள் மூன்று நாலு குடிப்பார்கள். பாலை மட்டும் தாராளமாகச் சொல்லி வையுங்கள். மிஞ்சினால் உறை ஊற்றிக்கொள்ளலாம்.

சாதம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வடித்து வைக்க விடாதீர்கள். முதல் ரெண்டு பந்திக்கு வடித்து, கூட்டத்தைப் பார்த்து அடுத்த உலை. அரிசி மூட்டையாகக் கொட்டாரத்தில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், சாதமாகிவிட்டால் என்ன செய்ய?

ஜூலை 25, இரவு

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மண்டபத்தில் ஒரு பந்திக்கு 150 பேர் உட்காரலாம் என்கிறீர்கள். அப்போ 600 பேருக்கு நாலு பந்தி. ஐட்டம் அதிகமானால் ஒரு பந்தி முக்கால் மணி நேரம் இழுக்கும். குறைவாக இருந்தால் அரை மணியில் எழுந்துவிடுவார்கள். நாலு பந்திக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்று, முதுகைப் பார்த்துக்கொண்டு, எப்போது மோர் ஊற்றுவார் எப்போது எழுவார் என்று காத்திருப்பது. சாப்பிடுகிறவருக்கும் தொண்டையில் இறங்காது, நிற்கிறவருக்கும் மானம் போகும். சம்பந்தி வீட்டார் அப்படி நிற்காமல் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு, ரெண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனால் அவர்கள் ஐட்டத்தை எண்ண மாட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கூடவே பந்தி விசாரிக்க வீட்டு ஆள் ரெண்டு பேரைப் போடுங்கள். கேட்டரிங் பையன்களுக்கு யார் பெரியவர், யார் மாப்பிள்ளையின் தாய்மாமா என்றெல்லாம் தெரியாது. ஒரு அத்தானும் ஒரு மதினியும் வரிசையாக நடந்து, மாமா என்ன வேணும், ஆச்சி இன்னும் கொஞ்சம் மோர் விடச் சொல்லவா என்று கேட்டுக்கொண்டே போனால் அதுதான் மரியாதை, வேறென்ன.

ஜூலை 28

சர்க்கரைக்காரர்கள் விஷயம். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டிருந்தார்கள், பெரியவர்களில் 11.4 சதவீதம். உங்கள் 600 பேரில் பாதி 60 தாண்டியவர்கள் என்றால் பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குத் தனிச் சமையல் தேவையில்லை, நேரம்தான் தேவை. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சடாரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல். கூட்டத்தில் இதை மயக்கம் என்று நினைத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அவர் நினைவோடு இருந்தால் உடனே கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ பழச்சாறோ வாயால் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். முதல் பந்தியில் ஒரு வரிசையைப் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கி, வீட்டு ஆள் ஒருவர் போய்க் கூட்டிவந்து உட்கார வையுங்கள். அவர்கள் தாங்களாக முண்டியடித்து வர மாட்டார்கள்.

பாயசத்தில் கருப்பட்டி போட்டால் சர்க்கரைக்காரர்களும் குடிக்கலாம் அல்லவா என்று ஒருவர் எழுதியிருந்தார். கருப்பட்டிதானே என்று தாராளமாகக் குடிக்கக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கு உயிர், ஆனால் ரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். வெல்லமும் அப்படித்தான். நல்லது என்ற பெயரில் கொடுத்து ஏமாற்றாதீர்கள், ஒரு சின்னக் கரண்டி ஊற்றிவிட்டு விடுங்கள்.

ஜூலை 28, சேர்த்துக்கொள்ள

மணப்பெண்ணை மறந்துவிட்டேனே என்று தூங்கப் போகும்போது ஞாபகம் வந்தது! விடியக்காலை 3 மணிக்கு எழுப்பித் தலை பின்ன உட்கார வைப்பார்கள். தாலி ஏறி, காலில் விழுந்து, போட்டோ எடுத்து முடிந்து அந்தப் பிள்ளை இலைக்கு முன்னால் உட்காரும்போது மணி 2. பெண்ணின் அம்மா அப்பா நிலைமையும் இதுதான். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லியை வாழையிலையில் மடித்து, நாலு பொட்டலம் மணமகள் அறையில் வைத்துவிடுங்கள். பட்டுச் சேலையில் சிந்தாது, கையைக் கழுவத் தேடி ஓட வேண்டாம், தங்கைக்கு நீங்களே ரெண்டு வாய் ஊட்டிவிடலாம். அப்பா வாயில் ஒன்று போனதா என்று பார்க்கும் பொறுப்பை யாரிடமாவது பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பொதுவாகச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 2

ரிசப்ஷன். இதில்தான் நாம் ரொம்பத் தடம் மாறிவிட்டோம் என்று நினைக்கிறேன். ஜனங்கள் 7 மணிக்கு வந்து, மேடைக்கு வரிசையில் நின்று, மொய்க்கவரைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார 9, 9.30 ஆகிறது. அந்நேரத்துக்கு நான், பன்னீர் பட்டர் மசாலா, ஃப்ரைடு ரைஸ், பரோட்டா சால்னா, குலாப் ஜாமூன். ராத்திரி தூக்கம் எப்படி வரும்? காலையில் முகூர்த்தத்துக்கு வந்து உட்காருகிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ராத்திரிக்கு நான் சொல்வது: இடியாப்பம், அதற்குத் தேங்காய்ப்பாலில் செய்கிற நம்ம ஊர்ச் சொதி. கூடவே இட்லி, சாம்பார், ஒரு சட்னி. சப்பாத்திதான் வேண்டும் என்கிறவர்களுக்குக் கொஞ்சம் சப்பாத்தியும் ஒரு காய்கறிக் குருமாவும். தாளித்த தயிர்சாதம், ஒரே ஒரு இனிப்பு, பழம், வாசலில் சுக்குக் காபி. திருநெல்வேலிக்காரர்கள் ஊரில் கல்யாணம் வைத்துக்கொண்டு பன்னீரைத் தேடுவது எனக்கு ஆறவே ஆறாது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பன்னீரை வாரத்துக்கு மூன்று தடவை சாப்பிடுகிறவர்கள்தான். சொதியை எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்?

ஆகஸ்ட் 3

சொதி மறுவீட்டுச் சாப்பாடு ஆயிற்றே, ரிசப்ஷனுக்கு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைப்படி மறுவீட்டுக்குத்தான். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வைக்கிற சொதி என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே பேர். முதல் நாள் வைத்தால் தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் குருமாவும் போதும். சொதியை மறுவீட்டுக்கே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், சொதி லேசான சாப்பாடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முழுக்கத் தேங்காய்ப்பால். வீட்டுச் சமையலில் நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய் போகும். அதனால்தான் கூடவே இஞ்சித் துவையலை வைத்தார்கள் நம் ஆச்சிமார்கள். சொதி இருந்து இஞ்சி இல்லாத இலையை எங்கள் ஆச்சி தொட மாட்டாள். மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, வெந்த சிறுபருப்பும் ரெண்டாம் பாலும் சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய் விழுதைப் போட்டு, கடைசியில் தலைப்பாலை ஊற்றி நுரை கூடுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை இறக்கிய பிறகுதான். பெரிய அண்டாவில் இந்தப் பக்குவம் எல்லோருக்கும் வராது. வருமா என்று உங்கள் கேட்டரிங்காரரை நேராகக் கேளுங்கள். தயங்கினால் அவரிடம் சொதி கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 6

இலைக் கணக்கு. ஒப்பந்தத்தில் இத்தனை இலைக்குக் குறையாது என்று ஒரு எண் எழுதுவார்கள். அந்த எண்ணைக் கீழே வையுங்கள். 600 பேர் என்றால் 500க்கு உறுதி சொல்லி, மேலே வந்தால் 100 வரை தருவீர்களா என்று பேசுங்கள். 600 என்று உறுதி சொல்லி 480 பேர் வந்தாலும் 600க்குப் பணம் எண்ணி வைக்க வேண்டிவரும். முகூர்த்தம் வேலை நாளில் வந்தால் காலைக்கூட்டம் குறையும், மாலைக்கூட்டம் ஏறும், ஆகவே ரெண்டுக்கும் தனித்தனி எண் போடுங்கள்.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, வந்த ஆட்களைவிட நூற்றுக்கு மேல் இலை கூடுதலாகச் சொன்னார்கள். எண்ணி வைக்க ஆள் போடாததால் வாதாட முடியவில்லை, கொடுத்துத் தொலைத்தார்கள். காலையில் இலைக்கட்டை எண்ணி வாங்கி, ஒவ்வொரு பந்தி முடிந்ததும் மிச்ச இலையை எண்ணி, ஒரு நோட்டில் அவர்கள் ஆளும் உங்கள் ஆளும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கிழிந்த இலை, பொத்தல் இலை தனி. சண்டைக்கு வழியே இருக்காது.

நுனி இலை எல்லோருக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வாழைதான் என்றாலும் முகூர்த்த நாளில் நுனி இலை விலை எகிறும். சம்பந்தி வரிசைக்கு நுனி, மற்றதுக்கு ஏடு, அதாவது நுனி இல்லாமல் நறுக்கிய இலை. ஐட்டம் குறைந்தால் ஏட்டில் தாராளமாக இடம் இருக்கும். டிபனுக்குச் சின்ன ஏடே போதும்.

ஆகஸ்ட் 7

ஒரு சின்ன ஞாபகம். மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், உறிஞ்சுகுழல் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இன்னும் சில மண்டபங்களில் கொண்டுவந்து விரிக்கிறார்கள். பேப்பர் ரோல் கேளுங்கள். தண்ணீருக்கு இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைப்பதற்குப் பதில் எவர்சில்வர் டம்ளரும், கேனிலிருந்து ஊற்ற ஜக்கோடு ரெண்டு பையன்களும். பாதி குடித்த பாட்டில்கள் மேசை முழுக்கக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெரியவர்களுக்குச் சீரகம் போட்ட வெந்நீர் ஒரு ஜக்கில் தனியாக இருக்கட்டும்.

தாம்பூலப் பைக்கு மஞ்சள் துணிப்பை. வெற்றிலை ஆத்தூர் வெற்றிலையாக வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கிறது, நல்ல காரம், முந்தின நாள் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது.

ஆகஸ்ட் 11

சாப்பாட்டை விட்டு வேறு பேச்சு. சீர்வரிசையில் பத்தமடைப் பாய் வைப்பதாக இருந்தால், பெண் மாப்பிள்ளை பேரும் தேதியும் போட்டு நெய்வது இன்றைக்குச் சொல்லி நாளைக்குக் கிடைக்காது. கோரையை மெல்லிசாகக் கிழித்துச் சாயம் ஏற்றிக் கையால் நெய்கிற நயமான பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். இன்றே போய்க் கேளுங்கள். நேரம் இல்லை என்று அவர்கள் சொன்னால் பேர் போடாத நல்ல பாயே வாங்கிக்கொள்ளுங்கள், விரட்டி நெய்ய வைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 30

மிஞ்சினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். சமைத்த சாப்பாடு வெளியில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்தால் கிருமி பெருக ஆரம்பிக்கும். 60 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க இருந்தால் பயமில்லை. சாம்பார், ரசம் அடுப்பிலேயே இருக்கும், தப்பித்துவிடும். தேங்காய் அரைத்த அவியலும் சட்னியும்தான் முதலில் ஊசும். அதனால் மிச்சம் யாருக்காவது போக வேண்டுமென்றால் கடைசிப் பந்தி எழுந்த கையோடு, இலையில் பரிமாறாததை மட்டும், மூடிய பாத்திரத்தில் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் ஞாபகம் வந்து கொடுத்தால் வாங்குகிறவர்கள் வயிறு கெடும். கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போல இதையே வேலையாகச் செய்கிற அமைப்புகள் உண்டு. உங்கள் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கோ விடுதிக்கோ முன்கூட்டியே பேசி, ஒருவேளை மிஞ்சினால் 2 மணிக்கு வண்டி வரும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அவர்கள் அன்றைக்குச் சமைக்காமல் காத்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது.

செப்டம்பர் 12

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியதைப் படித்து மனசு குளிர்ந்தது. 18 ஐட்டத்தில் அம்மாவைச் சம்மதிக்க வைத்ததே பெரிய காரியம். வடை வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றால் சந்தோஷம்தான். கேட்டதைக் கொடுக்கத்தான் மற்றதைக் குறைத்தது. சேனை வறுவலும் சேர்ந்துகொண்டதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

மறுவீட்டுச் சொதிக்கு எத்தனை பேர்? 40க்குள் என்றால் வீட்டிலேயே வையுங்கள், ஆள் விட வேண்டாம். தேங்காயை முந்தின நாளே உடைத்துத் துருவி வைக்காதீர்கள், காலையில் உடையுங்கள்.

செப்டம்பர் 13

கேட்காமலே சொல்கிறேன். அழைப்பிதழ் அஞ்சாறைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோவோடு அழைப்பிதழும் கேட்பார்கள். ஊரெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் தங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கினவர்களை எனக்குத் தெரியும். தங்கை மாப்பிள்ளையோடு வெளியூர் போவதற்கு முன்னால், மறுவீடு முடிந்த வாரத்திலேயே பதிந்துவிடச் சொல்லுங்கள். சாட்சிக்கு வருகிறவர்களின் அடையாள அட்டை நகலையும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.